பழைய பண்ணைக் கருவிகள்: எடைக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள்

ஏற்காடு மலையின் அடிவாரத்திலும், அதைச் சுற்றியுள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி, செட்டிச்சாவடி, கன்னங்குறிச்சி, குப்பனூர் பகுதிகளிலும் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயிகளின் கொட்டகைகளில் ஒரு மூலை எப்போதும் அடைத்துக் கிடக்கும். ஓடாத ஆயில் என்ஜின், கிணற்றிலிருந்து மேலே தூக்கிப் போட்ட மோனோபிளாக் பம்பு, பழுதான நீர்மூழ்கி மோட்டார், பித்தளை விசைத்தெளிப்பான், கொழுமுனை தேய்ந்த இரும்புக் கலப்பை, உடைந்த மரவள்ளிக் கிழங்கு சீவும் கருவி, மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை என்று பலவும் அங்கே துருப்பிடித்துக் கொண்டிருக்கும். பணத்துக்கு முடை வரும்போது, அல்லது கொட்டகையைப் பிரித்துக் கட்டும்போது, காயலான் கடைக்காரர் அழைக்கப்படுகிறார். அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து ஆறாயிரம் தர்றேன் அண்ணே, இப்பவே ஏத்திக்கிறேன்" என்கிறார். இடம் காலியானால் போதும் என்று விவசாயியும் சம்மதிக்கிறார். அந்தக் குவியலின் உண்மை மதிப்பு பத்தாயிரமா, இருபதாயிரமா என்பது வண்டியேறிப் போன பிறகும் அவருக்குத் தெரிவதில்லை.

வாங்குபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாங்கிய குவியலைக் கடையில் கொட்டி, செம்பு வேறு, பித்தளை வேறு, வார்ப்பு இரும்பு வேறு, தகரம் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் விற்கிறார். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பிரிக்கும் வேலைக்கான கூலியே. அந்த வேலையில் ஒரு பகுதியை விவசாயி தம் கொட்டகையிலேயே செய்துகொண்டால் கூலியும் அவருக்கே சேரும். இதற்கு ஒரு சுத்தியல், ஒரு அரம், ஒரு காந்தத் துண்டு, அரை நாள் நேரம் இவை போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். எந்தப் பழைய கருவிக்கும் மூன்று விலைகள் உண்டு. ஓடும் கருவியாக ஒரு விலை. உதிரி பாகங்களாக ஒரு விலை. உருக்கும் உலோகமாக ஒரு விலை. பெரும்பாலும் முதல் விலையே அதிகம், கடைசி விலையே குறைவு. ஆனால் கொட்டகையில் நாள் செல்லச் செல்லக் கருவி முதல் நிலையிலிருந்து கடைசி நிலைக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. இரண்டு மழைக்காலம் கூரையில்லாமல் கிடந்த என்ஜினின் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எலி கடித்த மோட்டார் சுருளை மாற்றியே ஆகவேண்டும். ஆகவே விற்பதென்று முடிவானால் ஒத்திப்போடாமல் விற்பதே நல்லது.

கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

அடிவாரத்துக் கிணறுகளில் மோனோபிளாக் பம்புகள் ஏன் வேலையற்றுப் போயின என்பதை எண்ணிப் பார்த்தால், அவற்றை எங்கே விற்பது என்பதும் விளங்கிவிடும். இந்தப் பம்புகள் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுபவை. நடைமுறையில் சுமார் 20 முதல் 25 அடிக்கு மேல் உறிஞ்சும் திறன் இவற்றுக்கு இல்லை. பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளில் நீர்மட்டம் கீழே போகப்போக, விவசாயிகள் கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பை இறக்கினார்கள். பிறகு அதுவும் எட்டாமல் ஆழ்துளைக் கிணறு போட்டு நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். பம்பு கெட்டுப் போகவில்லை. தண்ணீர்தான் அதன் எட்டுக்கு அப்பால் போய்விட்டது.

ஆகவே நல்ல நிலையில் உள்ள மோனோபிளாக் பம்புக்கு அடிவாரத்தில் விலை கிடைக்காது. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே தொல்லைதான். தண்ணீர் மேலே நிற்கும் இடங்களில், அதாவது காவிரிக் கரையோரம், மேட்டூர்க் கால்வாய்ப் பாசனப் பகுதி, ஏரிக்கரைத் தோட்டங்கள், மீன் குட்டைகள் போன்ற இடங்களில் அதே பம்புக்கு வேலை இருக்கிறது. எடப்பாடி, சங்ககிரி, குமாரபாளையம் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். சந்தை நாளில் பம்பு பழுது பார்க்கும் கடைகளில் விசாரித்தாலும் தேவைப்படுவோர் கிடைப்பார்கள். பழைய பம்பைத் தேடுவோர் முதலில் போவது மெக்கானிக்கிடம்தான். அவருக்கு ஒரு சிறு தரகு கொடுப்பது வீண் செலவல்ல.

ஆயில் என்ஜின் கதையும் ஏறக்குறைய இதுவே. மெதுவாக ஓடும், இரண்டு பெரிய சக்கரங்கள் வைத்த 5 குதிரைத்திறன் 'லிஸ்டர்' வகை என்ஜின்கள் ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒன்றாக 'டுப் டுப்' என்று ஒலித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் 1929-30 வாக்கில் வந்த இந்த வடிவத்தைப் பார்த்துக் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். மின் இணைப்பு பரவி, 1984 இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு இவை மூலைக்குப் போயின. ஆனால் 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியபோது, மூலையில் கிடந்த என்ஜின்களைத் துடைத்து ஓட்டியவர்கள் பலர். அதற்குச் சற்று முன்பு எடைக்குப் போட்டவர்கள் வாடகைக்கு என்ஜின் தேடி அலைந்தார்கள்.

இந்த வகை என்ஜின் 300 கிலோவுக்கும் மேல் எடை உள்ளது. உருக்கு விலைக்குப் போட்டாலே ஒரு தொகை வருவதால், விவசாயி அத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார். இது அவசரம். மின்சாரம் எட்டாத ஆற்றோரத் தோட்டம், கட்டட வேலைக்கான கலவை இயந்திரம், கரும்புச்சாறு பிழியும் இடம், ஜெனரேட்டர் இவற்றுக்கு இன்றும் இது பயன்படுகிறது. ராஜ்கோட்டில் செய்த இதே வகை என்ஜின்களை அமெரிக்காவில் சிலர் வரவழைத்து, சமையல் எண்ணெய்க் கழிவில் ஓட்டி வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள் என்றால், அதன் உறுதியைச் சொல்லத் தேவையில்லை. 1500 சுற்று வேகத்தில் ஓடும் 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் என்ஜின்கள் பொறியியல் கல்லூரிகளின் சோதனைக் கூடங்களிலும் இருக்கின்றன. அவற்றின் உதிரி பாகங்களுக்கும் கேட்பார் உண்டு.

என்ஜினை விற்குமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. அமுக்கம் நீக்கும் கைப்பிடியைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் நல்லது. பிடித்திருந்தால் சிலிண்டருக்குள் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி நாலைந்து நாள் ஊறவிட்டு, பிறகு மெல்ல அசைத்துப் பார்க்கலாம். சுத்தியலால் அடிக்கக் கூடாது. சுற்றும் என்ஜினைக் கைப்பிடியை விட்டுச் சுற்றும்போது அமுக்கம் தடுத்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். வாங்க வருபவர் எதிரில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் விலை ஒரு படி ஏறும். ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டாம். புது வண்ணத்தைக் கண்டால் விவரம் தெரிந்தவர், எந்த விரிசலை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவார். துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி, எண்கள் பொறித்த தகட்டைப் படிக்கும்படி துடைத்து வைத்தாலே போதும்.

விற்கும் பருவமும் உண்டு. பம்புக்கும் என்ஜினுக்கும் தை முதல் சித்திரை வரை தேவை அதிகம். ஐப்பசி மழையில் கொண்டுபோனால் வாங்குபவர் சொன்னதுதான் விலை.

மலை மேல் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் சிறிய அளவில் காபி பயிரிடுவோரிடம் கையால் சுற்றும் பழத்தோல் நீக்கும் இயந்திரங்கள், அதாவது பல்ப்பர்கள் இருக்கும். உருளை வகைப் பல்ப்பரில் உருளையைச் சுற்றிக் குமிழ் குமிழாக அடித்த செம்புத் தகடு போர்த்தியிருக்கும். அந்தத் தகடு தேய்ந்தால் பழம் சரியாக உரியாது, கொட்டை வெட்டுப்படும். உடனே இயந்திரமே போய்விட்டது என்று எண்ணி எடைக்குப் போடுவது தவறு. தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அடிச்சட்டமும் தண்டும் நன்றாக இருந்தால், அறுவடைக்கு முன்பு, ஐப்பசி வாக்கில், பக்கத்துச் சிறு தோட்டக்காரரே வாங்கிக்கொள்வார். கழற்றிய பழைய செம்புத் தகட்டைத் தனியாக விற்க வேண்டும்; இரும்போடு சேர்த்துவிடக் கூடாது.

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களிலிருந்து கைமாறி வந்த இயந்திரமானால், வார்ப்பில் பொறித்த பெயரைத் துடைத்துப் படிக்க வேண்டும். லண்டன் ஜான் கார்டன், அபர்தீன் மெக்கின்னன், பென்டால் போன்ற பெயர்கள் இருந்தால் அதைப் பழம்பொருளாக வாங்குவோர் உண்டு. சுற்றுலா விடுதிகளும் உணவகங்களும் வாசலில் வைப்பதற்கு மாட்டு வண்டிச் சக்கரம், ஏர், கவலைச் சால், அதன் உருளை இவற்றைக் கேட்டு வாங்குகின்றன. அடுப்புக்குப் போகவிருந்த தேக்குச் சக்கரம் இப்படி நல்ல விலைக்குப் போவதுண்டு. எனினும் இந்தச் சந்தை நிலையானதல்ல. கேட்பவர் வந்தால் விற்கலாம். வருவாரென்று பத்தாண்டு காத்திருப்பது வீண்.

மலையிலிருந்து விற்பவர் வண்டிச் சத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் காயலான் கடை வண்டிக்காரர், டீசல் செலவை விலையில் குறைத்துத்தான் கேட்பார். காய்கறி, மிளகு, காபி ஏற்றிச் சேலத்துக்கு இறங்கும் வண்டியில் நாலைந்து மூட்டை இரும்பையும் சேர்த்து அனுப்பினால் இந்தக் குறைப்பு பெரும்பாலும் மிஞ்சும். அடிவாரத்துக் கிராமங்களிலும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய லாரிக்கு உண்டான சரக்கைச் சேர்த்துக் கொண்டுபோனால், இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு விற்க முடியும். ஒற்றை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு அந்த வசதி இல்லை.

உலோகமாக விற்பதானால்

பழுது பார்க்கும் செலவு, பழுது பார்த்தபின் கிடைக்கும் விலையை எட்டிவிட்டால், அதற்குமேல் கருவி உலோகம்தான். இங்கேதான் விவசாயிகள் மிகுதியாக இழக்கிறார்கள்.

உலோக விலை அன்றாடம் மாறுவது. ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அவ்வளவு மாறாது. பழைய இரும்பைப் போல் செம்பு ஏறக்குறைய 20 மடங்குக்கு மேலும், பித்தளை 12 மடங்குக்கு மேலும், அலுமினியம் சில மடங்கும் விலை பெறும். இரும்பிலும் எல்லாம் ஒன்றல்ல. கனமான இரும்புக்கு ஒரு விலை, வார்ப்பு இரும்புக்கு ஒரு விலை, தகரத்துக்கு மிகக் குறைந்த விலை. பம்பு உடல், என்ஜின் சக்கரம், கரும்பாலை உருளை ஆகியவை வார்ப்பு இரும்பு. கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்படச் சாலைகளுக்கு இது வேண்டியிருப்பதால் தனியே எடுத்துக்கொள்கிறார்கள். தகரத்தோடு கலந்து கொடுத்தால் தகரத்தின் விலையே மொத்தத்துக்கும் வந்து சேரும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். சுருள் எரிந்துபோன 5 குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு ஒன்று 60 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும்பு கிலோ ரூ.30, செம்பு ரூ.700, பித்தளை வகை ரூ.450 என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலை. விற்கும் நாளில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே இரும்பாக எடை போட்டால் ரூ.1,800. பிரித்தால் சுருளில் செம்பு சுமார் 4 கிலோ, அதாவது ரூ.2,800. பம்பின் சுழலியும் புஷ்ஷும் கன்மெட்டலாக இருந்தால் ஒரு கிலோ அளவுக்கு ரூ.450. மீதி 55 கிலோ இரும்புக்கு ரூ.1,650. ஆக ரூ.4,900. விவரமான கடைக்காரர்கள் மோட்டாருக்கு இரும்பைவிடக் கூடுதலாகத் தனி விலை சொல்வதும் உண்டு. அந்த விலையையும் இந்தக் கணக்கையும் ஒப்பிட்டு, பிரிக்கும் கூலிக்கு மேல் மிச்சம் இருந்தால் மட்டும் பிரிப்பது நலம். சில மோட்டார்களில் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள். கம்பியை அரத்தால் லேசாகச் சுரண்டினால் சிவப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும். வெள்ளையானால் பிரிப்பதால் பெரிய லாபமில்லை.

செம்புச் சுருளை எடுக்க ஒரு பக்கத்து முனைகளை உளியால் வெட்டிவிட்டு மறுபக்கம் இழுத்தால் வந்துவிடும். சிலர் வேலை எளிது என்று நெருப்பில் போட்டு எரிக்கிறார்கள். இதை அறவே தவிர்க்க வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரின் சுருள் கம்பியிலும் கேபிளிலும் உள்ள பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும் நச்சுப் புகை. அதோடு, எரித்துக் கருத்த செம்புக்குக் கடையில் விலையும் குறைவு. கேபிளைக் கத்தியால் நெடுக்கக் கீறி உறையை உரித்தால் பளபளப்பான செம்பு கிடைக்கும். அதற்குத்தான் முதல் விலை.

எது என்ன உலோகம் என்று காண்பதற்கு உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தமே போதும். செம்பு, பித்தளை, அலுமினியம் இவற்றில் காந்தம் ஒட்டாது. மஞ்சளாகத் தெரியும் பொருளில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. நீர்மூழ்கி மோட்டாரின் வெளி உறை பெரும்பாலும் எவர்சில்வர். காந்தம் ஒட்டாத எவர்சில்வருக்கு இரும்பைவிட நல்ல விலை உண்டு. குழாய்களிலும் ஃபுட் வால்விலும் பித்தளைப் பாகங்கள் மண் படிந்து இரும்பு போலவே தோன்றும். அரத்தால் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குவியலில் போட வேண்டும்.

பித்தளைத் தெளிப்பான் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தெளிப்பான்கள் வந்த பிறகு பழைய பித்தளைத் தெளிப்பான்களை மதிப்பார் இல்லை. ஐந்து ஆறு கிலோ பித்தளை உள்ள ஒரு தெளிப்பான், மேலே சொன்ன விலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பெறும். அதை இரும்போடு சேர்த்து இருநூறு ரூபாய்க்குக் கொடுப்பது கண்ணைத் திறந்துகொண்டு ஏமாறுவது. விற்குமுன் சலவைச் சோடாக் கரைசலால் மூன்று முறை நன்றாகக் கழுவ வேண்டும். கையுறை இல்லாமல் கழுவக் கூடாது. கழுவிய நீரைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில், குழி வெட்டி ஊற்ற வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அந்தப் பாத்திரத்தை வெந்நீர் வைக்கவோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ பயன்படுத்தலாகாது. பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் கேன்களைப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் கொடுப்பதும் கூடாது. அவை கைமாறி எந்த வீட்டில் எண்ணெய்க் கேனாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள முறைப்படி அகற்ற வேண்டும்.

மோட்டார் ஸ்டார்ட்டரோடு இருக்கும் பழைய எண்ணெய் வகைக் கெபாசிட்டர்களை உடைக்க வேண்டாம். மிகப் பழையவற்றில் உள்ள எண்ணெய் நச்சுத்தன்மை வாய்ந்ததாக இருக்கக்கூடும். பாட்டரியையும் உடைத்து ஈயம் எடுக்க முற்படக் கூடாது. புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

எடையும் ரொக்கமும்

எடை போடும்போது விவசாயி பக்கத்தில் நிற்க வேண்டும். மின்னணுத் தராசில் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால், பிரிக்காத யூரியா மூட்டை ஒன்றை முதலில் தராசில் வைக்கச் சொல்லலாம். இப்போது வரும் மூட்டையில் 45 கிலோ யூரியா. சாக்கு எடையையும் சேர்த்து அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். நாற்பது காட்டினால் அந்தத் தராசில் மேலே எதையும் வைக்கத் தேவையில்லை. பெரிய சரக்கானால் எடைமேடையில் வண்டியைக் காலியாக ஒரு முறையும், ஏற்றிய பின் ஒரு முறையும் நிறுத்தி, இரண்டு சீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மண், மரக்கட்டை, ரப்பர் இவற்றுக்காகக் 'கழிவு' என்று நூற்றுக்கு ஐந்து, பத்து கிலோ தள்ளுவது கடை வழக்கம். அவற்றை வீட்டிலேயே தட்டி, கழற்றி எடுத்துவிட்டால் கழிவுக்குக் காரணம் இருக்காது. 'ஜி.எஸ்.டி. பிடித்தம்' என்று குறைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், வரிப் பதிவு இல்லாதவர் பதிவு பெற்ற வணிகருக்கு உலோகக் கழிவை விற்றால், வரியைச் செலுத்த வேண்டியவர் வாங்கும் வணிகரே. அதை விவசாயியின் விலையில் கழிக்க இடம் தரலாகாது.

கிணற்றடிகளில் கேபிள் திருட்டு நடப்பதால், செம்புக் கம்பி கொண்டுவருபவரை நல்ல கடைக்காரர் விசாரிக்கத்தான் செய்வார். மோட்டார் வாங்கிய பில் இருந்தால் உடன் எடுத்துப் போவதும், விற்றதற்கு ஒரு சீட்டு எழுதி வாங்குவதும் இருவருக்கும் பாதுகாப்பு.

புதுக் கருவி வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகக் கடைகள் கூறும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழையதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், ரொக்கத்துக்குப் புதியதன் கடைசி விலை என்ன என்று முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் பழையதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழையதற்குத் தாராளமாகக் கொடுத்ததுபோல் காட்டிப் புதியதில் ஏற்றியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

டிராக்டரை விற்பவர்கள் எச்சரிக்கை

மற்றக் கருவிகளில் தவறினால் சில ஆயிரங்கள் நட்டம். டிராக்டரில் தவறினால் நிலமே போகக்கூடும். ஊர்ப்பக்கம் டிராக்டரையும் டிரெய்லரையும் வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் பழைய பெயரிலேயே கிடக்கும். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் மற்றொருவருக்கு. அந்த வண்டியால் ஒரு விபத்து நேர்ந்து, காப்பீடும் இல்லாதிருந்தால், நட்ட ஈடு கேட்டு வரும் நோட்டீஸ் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கே வரும். கைமாறிக் கைமாறிப் போன ஒரு வாகனத்தின் வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு நட்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நான்தான் எப்போதோ விற்றுவிட்டேனே' என்ற பதில் அங்கே செல்லவில்லை.

ஆகவே விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் படிவம் 29 மூலம் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. வாங்குபவர் படிவம் 30 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டரானால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35 உம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை முதலில் நீக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருந்தால் அதற்கும் தனியே செய்ய வேண்டும். முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, இருவரும் ஒன்றாக அலுவலகத்துக்குப் போய் வருவதே சிறந்த வழி. அதற்கு மறுக்கும் ஆளுக்கு, கூடுதல் விலை தந்தாலும் விற்க வேண்டாம்.

பத்து ஆண்டு ஆன டிராக்டரைக் கட்டாயம் உடைத்தாக வேண்டும் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது சரியல்ல. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சைக் காட்டி விலையைக் குறைக்கும் தரகரிடம் ஏமாற வேண்டாம்.

ஓடவே ஓடாத டிராக்டரை உதிரியாகப் பிரித்து விற்பதிலும் வருமானம் உண்டு. உற்பத்தி நின்றுபோன எச்.எம்.டி. போன்ற டிராக்டர்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், கியர் பெட்டிப் பாகங்களையும் ஹைட்ராலிக் பாகங்களையும் தேடி அலைகிறார்கள். பின்சக்கரத்து ரிம்மும் நல்ல விலை பெறும். ஆனால் பிரிப்பதென்றால் 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த பாகத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் யாரிடமும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. திருட்டு வண்டிக்கு அவை வேடம் போடப் பயன்படும். அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால், அவர்கள் தரும் சான்றே பதிவு ரத்துக்கு ஆதாரமாகும்.

மானியத்தில் வாங்கிய பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, தெளிப்பான் முதலியவற்றை விற்குமுன் மானிய ஆணையை எடுத்துப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கலாகாது என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். பழைய மின்மோட்டாருக்குப் பதிலாகப் புதியது வாங்க எண்ணுவோர், பழையதை எடைக்குப் போடுமுன்பே வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் அவ்வாண்டு மானியம் உண்டா, பழைய மோட்டாரை அதிகாரி நேரில் பார்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புது மோட்டாரின் குதிரைத்திறன் கூடுவதாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தின் அனுமதியும் தேவை. கருவியின் நிலை பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் சேலத்தை அடுத்த சந்தியூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், மலை மேல் இருப்போர் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரித்தால், யாரை அணுகுவது என்பதை அறிந்துகொள்ளலாம்.